நடுவில் இருக்கிறது மேல்

எந்தப் பட்டுப்புடவையைக் கையில் வாங்கினாலும் கலைவாணி முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். கல்யாண வீடுகளில் இதனால் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. ஆசையாகக் காட்ட வந்தவர்கள், "இன்னாம்மா, ஓட்டை தேடுறியா?" என்று கேட்டுவிட்டுப் புடவையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அவள் சிரித்து மழுப்புவாள். முன்பக்கத்தில் பூ தெரியும், மயில் தெரியும். பின்பக்கத்தில்தான் எந்த இழை எங்கே எழுந்தது, எங்கே பதுங்கியது, ஜரிகை எத்தனை தூரம் சும்மா ஓடியது என்பதெல்லாம் தெரியும். அதைப் படித்துப் படித்துத்தான் அவள் தொழிலைக் கற்றுக்கொண்டாள்.

அவள் தறியில் உட்காருபவள் அல்ல, தறிக்கு டிசைன் போடுபவள். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமும் ஓர் இழை. நிறம் தீட்டிய கட்டத்துக்குரிய இழை எழும்பும், தீட்டாதது படுத்துக்கொள்ளும். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். துளை போட்ட அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பொறியில் ஏற்றினால் நெய்பவருக்கு டிசைன் தானாக விழும். பதினாறு வயதில் பக்கத்துத் தெரு கலியாணசுந்தரத்திடம் கட்டத்துக்கு நிறம் தீட்டும் வேலைக்குப் போனாள். "கட்டத்த நெரப்பு. கேள்வி கேக்காத" என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் அவள் கேள்விகளைப் புடவைகளிடம் கேட்டாள். தாளில் தீட்டியது துணியில் எப்படி வந்து உட்கார்கிறது என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். மறுபடி தாளுக்கு வருவாள். சில வருடங்களில் தானே டிசைன் போட ஆரம்பித்துவிட்டாள். பிறகு கணினி வந்தது. அதையும் அப்படித்தான், ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

அவளிடம் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. புடவையின் அகலத்தில் பாதியைத்தான் வரைவாள். ஒரு கரையிலிருந்து நடுப்பகுதி வரை போட்டால் போதும். மறு கரை வரையுள்ள மீதிப் பாதி அதன் நிழல்தான். அந்தக் காலத்தில் தாளின் மேல்விளிம்பில் ஒரு கண்ணாடிப் பட்டையை நிமிர்த்தி வைத்து முழுப் புடவையையும் பார்த்துக்கொள்வாள். இப்போது அதற்குத் திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது, ஆனாலும் அந்தக் கண்ணாடிப் பட்டை மேஜையிலேயே கிடக்கிறது. அவளுக்கு வரைபடத்தின் கீழ் என்றால் புடவையின் கரை. மேல் என்றால் கண்ணாடி நிற்கும் இடம், அதாவது புடவையின் நடு. கண்ணாடி ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கத்துப் பூக்களும் முட்டிக்கொள்ளாமலிருக்க இரண்டு விரல் அகலத்துக்கு எதுவும் போடாமல் விட்டுவிடுவாள். காஞ்சிபுரத்தில் டிசைன் போடுகிற யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள்.

போன தை மாதம் தேவசகாயம் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரை ஊரில் பலருக்குத் தெரியும். ஐயம்பேட்டைக்காரர். லோடு ஆட்டோவில் ஐஸ் பார்களை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வரை மீன் கடைகளுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் இறக்குபவர். வாசலில் நின்றாலே அவர் சட்டையிலிருந்து உமியும் ஈரமும் கலந்த ஒரு வாசனை வரும்.

"வாணிம்மா, இதான் என் பொண்ணு சிம்ரன்," என்றார். "நான் ஐஸ் கொண்டாந்து கொட்டுறேன். இவ இன்னாடான்னா, ஐஸ் கரைஞ்சி போன எடத்த அளந்துக்கினு இருக்கா அயர்லாந்துல. அதுக்கு டாக்டர் பட்டம் வேற குடுக்கப் போறாங்களாம்."

"அப்பா, செத்த சும்மா இருப்பா," என்றாள் சிம்ரன். அவளுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். சித்திரையில் வாலாஜாபாத் தேவாலயத்தில் கல்யாணம். மாப்பிள்ளை சந்தோஷ்குமாரும் அயர்லாந்திலேயே ஒரு மருத்துவமனையில் நர்ஸ்.

கைபேசியில் அவள் ஒரு படத்தைக் காட்டினாள். மேலே இருந்து எடுத்த படம். பச்சைப் பசேலென்ற நிலத்தில் முட்டை முட்டையாக மேடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

"மாங்கா," என்றாள் கலைவாணி உடனே.

"மாங்கா இல்லக்கா. மேடு. டிரம்லின்னு பேரு. எனக்கு இதான் வேணும், புடவை ஃபுல்லா."

கலைவாணி படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் தடித்து மழுங்கியிருந்தது. மறுபக்கம் இறங்கி இறங்கி மெலிந்து மண்ணோடு கலந்துவிட்டது. "ஆமா, வால் வளையல. அப்ப மாங்கா இல்ல," என்று ஒப்புக்கொண்டாள். "இத யார் செஞ்சது?"

"ஐஸ்தான்."

சிம்ரன் சொன்னதை அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். வெகுகாலத்துக்கு முன் அந்த நாடு முழுவதும் மலையுயரப் பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. பனி கெட்டியாக இருந்தாலும் அதன் எடையே அதைத் தள்ளும், அது மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு அடியில் இருந்தது கெட்டித் தரை இல்லை. களிமண்ணும் மணலும் உருண்டைக் கல்லும் தண்ணீரும் கலந்த ஒரு கூழ். அந்தக் கூழை இழுத்துக்கொண்டும் அப்பிக்கொண்டும் பனி போனது. எங்கோ ஓரிடத்தில் கொஞ்சம் கெட்டியாக ஏதாவது இருந்தால் அங்கே சேறு குவிந்தது. குவிந்ததைப் பனி மேலேயிருந்து வழித்து வழித்து இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தது. கடைசியில் பனி உருகிப் போய்விட்டது. மேடுகள் நின்றுவிட்டன.

"ஆரம்பத்துல எப்படிக் குவியுதுன்றதுல எங்காளுங்களுக்குள்ள இன்னும் சண்டைதான்க்கா. நூறு வருஷத்துக்கு மேல ஆவுது."

"இருக்கட்டும். எந்தப் பக்கத்துலருந்து ஐஸ் வந்துச்சு?"

"கூரா இருக்குற பக்கத்துலருந்துதான்," என்று தேவசகாயம் முந்திக்கொண்டார். "படகு மாதிரி. கூரா இருக்குறதுதானே முன்னாடி?"

"எல்லாரும் அப்படித்தாம்பா நெனைப்பாங்க. தப்பு. மழுங்கின பக்கம்தான் ஐஸ் வந்து மோதின பக்கம். கூரா போற பக்கம் ஐஸ் போன பக்கம்."

தேவசகாயத்துக்கு அது சரியாகப் படவில்லை. கலைவாணிக்குப் படவேண்டிய இடத்தில் பட்டது. காலையில் அவள் தெருவில் பாவு, அதாவது தறிக்குப் போகும் நீளவாட்டு இழைகளை, நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். கஞ்சித் தண்ணீரைத் தெளித்துவிட்டு இழைகளை ஒரே பக்கமாக நீவிக்கொண்டு போவார்கள். அறுந்த இழையை முடிச்சுப் போட்ட இடத்தில் கஞ்சி முடிச்சின் மீது தடித்து நிற்கும், கை போன பக்கம் மெல்லிய வாலாக நீளும். தடித்த பக்கம் கை வந்த பக்கம். வால், கை போன பக்கம்.

"புரியுது," என்றாள். "மூக்கு, வால்னு வெச்சுக்கறேன். மூக்கு ஐஸ் வந்த பக்கம்."

"சூப்பர்க்கா. இன்னொண்ணு. ஐஸ் மெதுவா போன எடத்துல மேடு கட்டையா உருண்டையா இருக்கும். வேகமா போன எடத்துல நீளமா இழுத்து விட்டிருக்கும். அதனால மேலருந்து கீழ வர வர நீளமாகிக்கினே வரணும். மேலருந்து கீழ ஐஸ் இறங்கற மாதிரி."

"மேலருந்து கீழ," என்று கலைவாணி சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்புறம் எல்லா மேடும் ஒரே ஐஸ் போட்டது. அது எப்படிப் போச்சுன்னு மேட்டைப் பாத்தே சொல்லிடலாம். இஷ்டத்துக்குத் திருப்பி வெச்சா அது வெறும் டிசைன்தான்க்கா, டிரம்லின் இல்ல. என்கூட வேலை செய்யறவங்க நாலு பேர் அங்கேருந்து வர்றாங்க. அவங்க என் மூஞ்சிய பாக்க மாட்டாங்க, மேட்டைத்தான் பாப்பாங்க." பிறகு வேறு குரலில் சொன்னாள். "மூணு வருஷம் மழையில அந்த மேட்டு மேல தனியா ஏறி எறங்கியிருக்கேன்க்கா. நிறைய நாள் அழுதுருக்கேன். மயிலும் யானையும் எனக்கு என்ன உறவு?"

கலைவாணி அன்றிலிருந்து வேறு வேலை எதையும் தொடவில்லை. ஒரே மேட்டைத் திரும்பத் திரும்பப் போட அவளுக்கு மனம் வரவில்லை. படத்தில் எந்த மேடும் இன்னொன்றைப் போல இல்லை. ஆகவே பல அச்சுகள் வரைந்தாள். கட்டையானவை, நடுத்தரமானவை, நீண்டவை. சந்தன வெள்ளைப் பட்டில் மூக்குப் பக்கம் சாம்பல் நிறப் பட்டு, அது மெலிய மெலிய ஜரிகை. வால் நுனியில் ஒற்றை இழை ஜரிகை மட்டும் போய் நிற்கும். வால் நுனி படிக்கட்டுப் போலத் தெரிகிறதென்று மூன்று முறை அழித்துப் போட்டாள். மேலே கட்டை மேடுகள், கீழே வர வர நீளம், எல்லாவற்றுக்கும் மூக்கு மேலே. திரையில் ஒருமுறை, தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி ஒருமுறை பார்த்தாள். எல்லாம் ஒரே பக்கம். ஒன்றுகூடத் திரும்பவில்லை. பிறகு எப்போதும் செய்வதைச் செய்தாள். மீதிப் பாதிக்கான பொத்தானை அழுத்தி, அட்டை அடிக்கக் கொடுத்துவிட்டாள்.

நெய்தவள் அவள் அண்ணி கமலவேணி. கலைவாணியின் டிசைன்களில் பாதிக்கு மேல் கமலவேணியின் தறியில்தான் ஏறும். இருவருக்கும் வாய்ச்சண்டை இல்லாத நாள் கிடையாது.

"இதுக்கு இன்னா பேருன்னு சொன்ன? டிரம்மா?"

"டிரம்லின் அண்ணி."

"பட்டுல பூ போட்டுக்கினு இருந்தோம், மயில் போட்டுக்கினு இருந்தோம். இப்ப மண்மேடு. அடுத்து குப்பமேடு போடுவியா?"

ஆனால் நெய்யும்போது கமலவேணி ஓர் இழை பிசகவிடவில்லை. தறியில் ஒரு முழம் மட்டுமே கண்ணில் படும், நெய்தது நெய்தது உருளையில் சுற்றிக்கொண்டு போய்விடும். கலைவாணி அவ்வப்போது வந்து சாம்பல் நிறம் சரியாக இறங்குகிறதா, வால் நுனி ஒற்றை இழையில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போவாள். மேடு மேடாகப் பார்த்தாள். அகலம் முழுவதையும் ஒரு சேர அவள் பார்க்கவில்லை.

பங்குனி கடைசியில் ஒரு காலை கமலவேணி புடவையைத் தறியிலிருந்து அறுத்தாள். மடித்துத் துணியில் சுற்றிக் கலைவாணியிடம் கொடுத்தாள். "எடுத்துக்கினு போ. பின்பக்கத்தைப் பார்த்து ஓட்டை இருந்தா சொல்லு," என்றாள்.

தெருமுனையில் பாவு நீட்டியிருந்தார்கள். சிவப்புப் பாவு. கஞ்சி போட்டு முடித்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டே கலைவாணி வழக்கம்போல முடிச்சுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன டிரம்லின். வால்கள் எல்லாம் பெருமாள் கோவில் இருக்கும் பக்கம். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒன்றுகூடத் திரும்பவில்லை. திரும்ப முடியாது. ஒரே கை போன வழி.

அங்கேயே நின்றாள். புடவையைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, ஒரு கரையையும் மறு கரையையும் இரண்டு கைகளில் பிடித்து அகலமாக விரித்தாள்.

கீழ்ப்பாதியில் மேடுகளின் மூக்கு மேலே, வால் கீழே. மேல்பாதியில் மூக்கு கீழே, வால் மேலே. நடுவில் வெறும் வெள்ளைப் பட்டை ஒன்று. இரண்டு பக்கத்து மூக்குகளும் அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தன, கல்யாணப் புடவையில் மயில்கள் பார்த்துக்கொள்வதைப் போல.

சிம்ரன் "மேல்" என்றது கட்டிக்கொண்டிருக்கும்போது இடுப்பில் நிற்கும் கரையை. கலைவாணி எடுத்துக்கொண்டது வரைபடத்தின் மேலை. அது முழங்காலுக்கு வருகிறது.

திரும்பி ஓடினாள். கமலவேணி அப்போதுதான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு நிதானமாகக் குடித்தாள்.

"நான் நெய்யறப்பவே பாத்தேன். எதிரெதிரா அழகாத்தான் இருந்துச்சு."

"அதான் அண்ணி தப்பு."

"அழகா இருக்கறது எப்பலருந்து தப்பாச்சு?"

"ஐஸ் மேலயும் போவுது கீழயும் போவுது அண்ணி. எங்கயாவது நடக்குமா? அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சு சொன்னா, இஷ்டத்துக்குத் திருப்பாதீங்கன்னு."

கமலவேணி தம்ளரைக் கீழே வைத்தாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. புது அட்டை அடித்து, பாவு பிணைத்து, இன்னொன்று நெய்து எடுப்பதற்கு வழியே இல்லை. அது இருவருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் வாயால் சொல்லவில்லை.

"கொசுவத்துல மடிப்பு வெச்சா யாருக்குத் தெரியும்," என்றாள் கமலவேணி.

"கொசுவம் முன்னாடிதான் வரும். அவ குனிஞ்சு பாத்தா அதான் முதல்ல தெரியும்."

"அப்ப இன்னா செய்யறதுன்ற?"

"சொல்லிடணும். அவ பிரிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும். வேற புடவை எடுக்கணும்னா ஒரு வாரமாவது இருக்கும் அவளுக்கு."

"கல்யாணப் பொண்ணு அழுவாடி."

"தெரியும்," என்றாள் கலைவாணி. அதற்குள் அவளே அழத் தொடங்கியிருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் போட்ட டிசைனில் ஒரு மயிலின் நகம்கூடக் குறைந்ததில்லை. அந்தப் பெருமை அப்போது அவளுக்கு நினைவில் இல்லை. மழையில் மேட்டின்மேல் தனியாக ஏறிய பெண் மட்டும்தான் கண்ணில் நின்றாள்.

சிம்ரன் அயர்லாந்திலிருந்து வந்து சேர மறுநாள் ஆனது. அதுவரை கலைவாணி எதையும் சாப்பிடவில்லை. அவளும் கமலவேணியும் ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போனார்கள். புடவைப் பொதியைக் கலைவாணி மடியில் வைத்திருந்த விதத்தைப் பார்த்து, பக்கத்தில் இருந்த பெண்மணி, "கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

தேவசகாயம் வாசலில் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். "வந்துடுச்சு, வந்துடுச்சு! கங்கா, ஜூஸ் போடு!" என்று உள்ளே பார்த்து மனைவிக்குக் குரல் கொடுத்தார். கலைவாணி ஜூஸுக்குக் காத்திருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"சிம்ரன், பிரிக்கறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிடறேம்மா. தப்பு நடந்துபோச்சு. நெய்யறதுல இல்ல, அண்ணி மேல ஒண்ணுமில்ல. டிசைன்ல. என் தப்பு. பாதி மேடு திரும்பிக்கினு இருக்குது."

தேவசகாயத்தின் கையிலிருந்த குழாயில் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சிம்ரன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. பொதியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பாய் விரித்து அதன்மேல் புடவையைப் பிரித்தாள். முதலில் நின்று பார்த்தாள், பிறகு முழங்காலிட்டாள். பிறகு கைகளை ஊன்றிக் குனிந்து, நடுவிலிருந்து ஒரு கரை வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தாள். மறுபடி நடுவுக்கு வந்து மறு கரைக்குப் போனாள்.

"அக்கா, நீங்க எங்கேருந்து ஆரம்பிச்சீங்க?"

"மேலருந்துதாம்மா. நீ சொன்ன மாதிரி. கட்டை மேடு மேல, நீள மேடு கீழ."

"உங்களுக்கு மேல்னா எது?"

"எங்களுக்கு மேல்னா நடு," என்றாள் கலைவாணி. சொல்லும்போதே குரல் உடைந்தது. "கண்ணாடி வெக்கிற எடம். எப்பவும் அப்படித்தான் போடுவோம். உனக்கு இடுப்புக் கரைதான் மேல்னு எனக்கு உரைக்கவே இல்ல."

சிம்ரன் முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கமலவேணி, "நான் சொன்னேன்ல," என்பதுபோலக் கலைவாணியைப் பார்த்தாள். கைகளை எடுத்தபோது சிம்ரன் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"ஐஸுக்கும் மேல்னா நடுதான்க்கா!"

யாருக்கும் புரியவில்லை.

"இங்க பாருங்க. நான் உங்ககிட்ட சொன்னப்போ மலையிலருந்து இறங்கற மாதிரி சொல்லிட்டேன். ஆனா அயர்லாந்துல ஐஸ் அப்படி இல்ல. நாட்டு மேல கவுத்து வெச்ச தட்டு மாதிரி கெடந்துச்சு. நடுவுல ஒசரம், ஓரத்துல தாழ்வு. ஒசரம் நடுவுலன்னா ஐஸ் எங்க போகும்? ரெண்டு பக்கமும்தான் போகும். நடுவுல ஒரு கோடு. அந்தப் பக்கத்து மேடெல்லாம் அந்தப் பக்கம் வால் நீட்டியிருக்கும், இந்தப் பக்கத்து மேடெல்லாம் இந்தப் பக்கம் வால் நீட்டியிருக்கும். இதேதான். இது அப்படியே இதேதான்க்கா!"

கலைவாணி நகரவில்லை. "சமாதானத்துக்குச் சொல்லாதம்மா."

"சமாதானம் இல்லக்கா, சத்தியமா."

"கல்யாண நேரத்துல மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்ற. எனக்குத் தெரியும். படம் காட்டு."

"இன்னாடி இவ, பொண்ணே சரின்ற, நீ..." என்றாள் கமலவேணி.

"படம் காட்டட்டும் அண்ணி."

சிம்ரன் கைபேசியில் தேடி ஒரு வரைபடத்தை எடுத்தாள். நாட்டின் உருவம், அதில் வளைந்து போகும் ஒரு கோடு. கோட்டின் இரண்டு பக்கமும் பொடிப் பொடியாக அம்புக்குறிகள், எல்லாம் கோட்டை விட்டு வெளிநோக்கிப் போயின. கலைவாணி கைபேசியை வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். பெரிதாக்கினாள். ஒரு பக்கத்து அம்புகளைப் பார்த்தாள். மறுபக்கத்து அம்புகளைப் பார்த்தாள். கைபேசியைத் திருப்பிப் பின்பக்கத்தைக்கூடப் பார்த்தாள். பழக்கதோஷம்.

"நம்ம கண்ணாடி மாதிரி அச்சு அசலா இல்லியே. இந்தப் பக்கம் கொஞ்சம் கோணலாப் போவுது."

"நிஜத்துல கோணலாத்தான்க்கா போகும். காலத்துக்குக் காலம் அந்தக் கோடே கொஞ்சம் நகரும்."

"கோட்டுமேல ஏன் அம்பு இல்ல?"

"அங்க ஐஸ் தரைய தேய்க்காது. மேல உக்காந்துக்கினு இருக்கும், கிட்டத்தட்ட நகராது. நகராத எடத்துல மேடு வராது."

கலைவாணி பாய்க்குத் திரும்பி வந்தாள். புடவையின் நடுவே எதுவும் போடாமல் விட்டிருந்த இரண்டு விரல் அகலப் பட்டையில் கை வைத்தாள். "இத நான் முட்டிக்கக் கூடாதுன்னு விட்ட எடம்."

"தெரியும்க்கா. ஆனா அதான் அந்தக் கோடு. அத ஒட்டிக் கட்டை மேடு, தள்ளிப் போகப் போக நீள மேடு. அதுகூட சரியா இருக்குது. நான் மூணு வருஷமா கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் அளந்தேன். அதான் எனக்கு ஒரு பக்கமாவே தோணிக்கினு இருந்திருக்கு. அந்தப் பாதியும் இப்ப எங்கிட்ட வந்துடுச்சு."

கலைவாணிக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அது இல்லாமல் அவளால் உட்கார முடியாது. "நான் கரையை மேல்னு வெச்சு, அங்கேருந்து நடுவுக்கு இறக்கி, அப்புறம் கண்ணாடி போட்டிருந்தா?"

சிம்ரன் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப தப்பாயிருக்கும்க்கா. ரெண்டு பக்கத்துலருந்தும் ஐஸ் வந்து என் முழங்கால்ல முட்டிக்கினு நிக்கும்."

அதைக் கேட்டதும்தான் கலைவாணிக்கு நம்பிக்கை வந்தது. தப்பாக இருக்கக்கூடிய ஒன்று இருக்கிறது, இது அது இல்லை. பாயின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாசலிலிருந்து தேவசகாயம் தலையை நீட்டினார். குழாயை இன்னும் மூடவில்லை.

"ஏம்மா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். புடவை ஓகேவா இல்லியா?"

"ஓகேப்பா!" என்று கத்தினாள் சிம்ரன்.

"அவ்ளோதான? அதுக்கு ஏன் அயர்லாந்து வரைக்கும் போய்ட்டு வர்றீங்க?"

கங்கையம்மாள் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்தாள். ஐஸ் துண்டுகள் மிதந்தன. கலைவாணி ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். கமலவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேத்துலருந்து பச்சத்தண்ணிகூட குடிக்கலம்மா இவ," என்றாள். "சாப்பாடு எதனா இருக்குதா? இல்லன்னா வழியில எறக்கி எதாவது வாங்கித் தரணும்." கங்கையம்மாள் தட்டு போட்டாள். கருவாட்டுக் குழம்பும் சோறும். கவிச்சி தொடாத கலைவாணி அன்றைய பசியில் கருவாட்டை மட்டும் ஒதுக்கிவிட்டு, குழம்புச் சோற்றை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்ததும் அண்ணியின் தோளில் தூங்கிப்போனாள். இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனதைக் கமலவேணி பார்த்தாள், எழுப்பவில்லை.

கல்யாணத்தன்று தேவாலயத்தில் கலைவாணி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாடல் தொடங்கி எல்லோரும் எழுந்தார்கள். சிம்ரன் தேவசகாயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். ஒவ்வோர் அடிக்கும் முழங்காலருகே அந்த வெள்ளைப் பட்டை முன்னால் வந்து பின்னால் போனது. அதிலிருந்து சாம்பல் மேடுகள் மேலேயும் கீழேயும் நீண்டுகொண்டே போய்க் கரைகளில் ஜரிகையாகக் கரைந்தன. மணப்பெண்ணின் பக்கமாக இரண்டாம் வரிசையில் நின்றிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவளின் முழங்கையை இடித்துப் புடவையைக் காட்டினார். இரண்டு கைகளையும் நடுவில் சேர்த்து வைத்து, பிறகு இரண்டு பக்கமும் விலக்கிக் காட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பலமாகத் தலையாட்டினாள். கலைவாணி அதைப் பார்த்தாள். பெரிதாக ஒரு மூச்சு விட்டாள்.

விருந்துப் பந்தலுக்குப் போகும் வழியில் வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த வயதான அம்மாள் ஒருத்தி அவளை நிறுத்தினாள்.

"நீதான் புடவைக்கு டிசைன் போட்டதாமே? நல்லா இருக்குதும்மா. ஆனா அது இன்னா மாங்கா, வாலே வளையல?"

கலைவாணி வாயைத் திறந்தாள். பனிப்பாளம், கூழ், மூக்கு, வால், நடுக்கோடு எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. பந்தலுக்குள்ளிருந்து கமலவேணி தன் பக்கத்து நாற்காலியில் கையை வைத்துக்கொண்டு, "வாணி, வெஜ் பிரியாணி ஆறிப்போவுது!" என்று கத்தினாள்.

"ஆமாம்மா," என்றாள் கலைவாணி. "ஒரு தினுசு மாங்காதான்."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.